சென்னைக் கடலும் கண்ணாடிச் சிமிழ்களும்

இந்த விழா மலருக்காகத் துறையின் பாசியியல் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் மனசு டயட்டம் பக்கமே ஓடிற்று. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை பாசிகளில் செய்த வேலை ஒரு கட்டுரையில் அடங்காது. நீலப்பச்சைப் பாசிக்குத் தனியாக எழுத வேண்டும், வால்வாக்ஸ் குடும்பத்துக்குத் தனியாக எழுத வேண்டும். அவற்றை என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது டயட்டம். அதை இங்கே யார் எப்படிப் பார்த்தார்கள், பார்த்ததற்கு எப்படிப் பெயர் சூட்டினார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மலரை வீட்டாரும் புரட்டுவார்கள். அவர்களுக்காக முதலில் டயட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தெப்பக்குளத்தில் தண்ணீருக்குள் இருக்கும் படியில் கால் வைத்து வழுக்கியிருக்கிறீர்களா? அந்தப் படியைச் சுரண்டினால் பச்சையாக வருவது ஒரு வகைப் பாசி. பழுப்பும் பொன்னிறமும் கலந்து கொழகொழவென்று வருவதில் பெரும்பகுதி டயட்டம். ஒரே செல்தான் உடம்பு. அந்தச் செல்லைச் சுற்றி ஓடு. ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடிக்கும் மணலுக்கும் மூலப்பொருளான அதே சரக்கு. அமைப்பு அப்படியே குங்குமச் சிமிழ்: மேலே மூடி, கீழே பெட்டி, மூடியின் விளிம்பு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தச் சிமிழின் முகத்தில் வரிகள், துளைகள், முத்துக் கோத்தது போன்ற புள்ளிகள், தேன்கூட்டு அறைகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். கடலில், ஆற்றில், ஏரியில், ஈரச் சுவரில், நெல்வயலில் எங்கும் இருக்கும். உலகில் ஒளிச்சேர்க்கையால் விளையும் உயிர்ப்பொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் உழைப்பு.

ஓட்டில் உள்ள அந்த வேலைப்பாட்டை வைத்துத்தான் இனம் பிரிக்கிறோம். சொல்வதற்கு எளிது.

ஐரோப்பாவில் இந்த வேலை 1780களிலேயே தொடங்கிவிட்டது. டென்மார்க்கின் ஓ.எஃப். முல்லர் குச்சிகளை அடுக்கியது போலச் சறுக்கிச் சறுக்கி நகரும் ஓர் உயிரைக் கண்டு எழுதினார். அது இன்று பாசிலேரியா என்று நாம் சொல்லும் டயட்டம். எரன்பெர்க், 1844இல் நூல் வெளியிட்ட குட்சிங், 1890களில் நாவிக்குலா வகைகளைத் தொகுத்த கிளீவ், பிறகு ஹுஸ்டெட் என்று பெரிய வரிசை உண்டு. எங்கள் தலைமுறை மேசைமேல் வைத்துப் படித்தது ஹுஸ்டெட்டின் புத்தகங்களைத்தான். அவை மகத்தான நூல்கள். ஆனால் அவற்றின் அடித்தளம் ஐரோப்பிய நீர்நிலைகள். சேப்பாக்கத்துக் கடற்கரையில் அள்ளிய தண்ணீரை வைத்துக்கொண்டு பால்டிக் கடலுக்கு எழுதிய நூலைத் திறந்தால் ஏதாவது ஒரு படம் ஒத்துப்போகத்தான் செய்யும். முழுதும் ஒத்ததா, முக்கால் ஒத்ததா என்பதில்தான் வில்லங்கம். முக்கால் ஒத்ததற்கு முழுப் பெயரை எழுதிவிடும் பழக்கம் இந்த நாட்டில் நெடுங்காலம் இருந்தது, இன்னும் முற்றாகப் போகவில்லை. சென்னைத் துறையின் பெருமையை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் அளக்கிறேன். நம் தண்ணீரில் இருப்பதை நாமே பார்த்து, நாமே வரைந்து, நாமே அளந்து எழுத வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே தொடக்கத்திலேயே இருந்தது.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணமானவர் பேராசிரியர் மண்டயம் ஒசூரி பார்த்தசாரதி ஐயங்கார். எம்.ஓ.பி. என்றால் உலகில் பாசி படித்த எல்லாருக்கும் தெரியும். 1886இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, லண்டனில் எஃப்.இ. ஃபிரிட்ச்சிடம் ஆய்வு செய்தவர். 1932இல் ஈர மண்ணில் கண்ட புதிய பச்சைப் பாசிக்கு ஆசிரியர் நினைவாக ஃபிரிட்ச்சியெல்லா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 1930களில் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகம் அவர் தலைமையில் இயங்கியது. கருவிகள் அதிகம் கிடையாது. மைக்ராஸ்கோப்பும், வரைவதற்குக் கேமரா லூசிடாவும், வாசற்படி தாண்டினால் கடலும் ஆறும் குளமும் இருந்தன. மழை விட்ட மறுநாள் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரையும் சீசாவில் எடுத்து வரச் சொல்லும் மரபு அவரிடமிருந்து வந்ததென்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கடலில் மிதந்து திரியும் சிற்றுயிர்க் கூட்டமான பிளாங்க்டனைப் பொறுத்தவரை 1931இல் கே.எஸ். மேனன் சென்னைப் பிளாங்க்டன் பற்றிய முதற்கட்டக் குறிப்பை இந்திய அருங்காட்சியகத்தின் ஏட்டில் வெளியிட்டிருந்தார். 1939இல் ஜி. வெங்கட்ராமன் தென்னிந்திய டயட்டம்கள் சிலவற்றை முறையாக வகைப்படுத்தி எழுதினார். ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் எழுபது பக்கங்களுக்கு மேல் வந்த கட்டுரை அது. 1946இல் அதே இதழில் ஆர். சுப்பிரமணியன் எழுதிய சென்னைக் கரையோரக் கடல் டயட்டம்களின் முறைப்பட்ட விவரணை வந்தது. நூறு பக்கங்களைத் தாண்டிய கட்டுரை. படம் மட்டும் போட்டால் போதாது, ஒவ்வொன்றையும் அளந்து, வேறுபாடுகளைச் சொல்லி, எந்தப் பெயருக்குள் அடக்குகிறோம், ஏன் அடக்குகிறோம் என்று காரணம் காட்ட வேண்டும். அந்த ஒழுங்கு அதில் உண்டு. இன்றைக்கும் வங்கக் கடற்கரையில் பிளாங்க்டன் எடுக்கிறவர்கள் முதலில் புரட்டுவது இதைத்தான். போருக்கிடையே, தாளுக்கும் கண்ணாடிக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில் செய்த வேலை என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நான் மாணவனாகச் சேர்ந்த 1970களில் பிளாங்க்டன் பிடிக்கக் கட்டுமரத்தில் போனோம். மெல்லிய பட்டுத்துணியில் கூம்பாகத் தைத்த வலை, வாலில் ஒரு சிறு குடுவை. அலை தாண்டும் வரை வலையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். துடுப்புப் போட்ட பெரியவர், “தம்பி, வலையில என்ன மீனு விழும்?” என்று கேட்டார். மீனுக்குத் தீனி விழும் என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ குடுவையை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இதுதானா வலையெல்லாம் வழவழன்னு ஒட்டுறது? கழுவினாக்கூடப் போகாது” என்றார். அந்த மனிதருக்கு டயட்டம் தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை.

சென்னைக் கடலில் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். கோடையில் வடக்கு நோக்கி ஓடும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கடலில் விழுந்து உப்பு குறையும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குடுவைக்குள் கூட்டம் மாறும். முள்ளால் கோத்த சங்கிலி போன்ற கீட்டோசெரஸ், ஊசி போன்ற ரைசோசொலீனியா, வெள்ளித்தட்டு போன்ற காசினோடிஸ்கஸ், நட்சத்திரமாக விரியும் ஆஸ்டீரியோனெல்லா. எந்த மாதம் எது ஓங்கும் என்று தெரிய வேண்டுமானால் பல வருஷம் விடாமல் எடுக்க வேண்டும். அதனால்தான் எங்கள் துறையில் வெள்ளம் வந்தாலும் சேகரிப்பு நாள் தள்ளிப்போகாது.

குடுவை ஆய்வகத்துக்கு வந்த பிறகு நடப்பது சமையல். உயிருள்ள டயட்டத்தின் ஓட்டை உள்ளிருக்கும் பழுப்பு நிறப்பொருள் மறைத்துக்கொண்டிருக்கும். அதை நீக்க நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காய்ச்ச வேண்டும். மஞ்சளும் செம்பழுப்புமாகப் புகை எழும்பும். “தம்பி, மூஞ்சியத் திருப்புங்க, ஆசிட்டு” என்று அட்டெண்டர் அண்ணன் அதட்டுவார். உயிர்ப்பொருள் எல்லாம் கரைந்துபோகும். சிலிக்காவை நைட்ரிக் அமிலம் ஒன்றும் செய்யாது. பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, வண்டல் அடியில் தங்க விட்டு, மேல்தண்ணீரைச் சாய்த்து ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, எட்டுப் பத்து தடவை கழுவ வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் சின்ன இனங்கள் தொட்டியோடு போய்விடும், அப்புறம் இந்த ஏரியில் அவை இல்லை என்று கட்டுரை எழுதுவோம். கடைசியில் கண்ணாடிக் குழாயின் அடியில் சுண்ணாம்புத் துகள் போல ஒரு சிட்டிகை வெள்ளை நிற்கும். அதில் ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்பில் உலர்த்தி, ஒளியை நன்றாக முறிக்கும் பிசின் வைத்து ஸ்லைடில் ஒட்டுவோம். ஹைராக்ஸ், நாஃப்ராக்ஸ் என்று அதற்கென்றே பிசின்கள் உண்டு. சாதாரணக் கனடா பால்சத்தில் வைத்தால் சிலிக்காவும் பிசினும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் முறித்து ஓடு மங்கிப்போகும். நல்ல பிசினில் வைத்து நூறு மடங்கு எண்ணெய் லென்ஸை இறக்கினால் வரிகள் தெள்ளத் தெளிவாக எழுந்து நிற்கும். முதல்முறை ப்ளூரோசிக்மாவை அப்படிப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. முத்துப் பாய் விரித்தது போல மூன்று திசையிலும் புள்ளிக்கோடுகள். மைக்ராஸ்கோப் செய்கிறவர்கள் லென்ஸின் தரத்தைச் சோதிக்க அந்த ஓட்டைத்தான் பயன்படுத்துவார்கள் என்று ஆசிரியர் சொன்னார்.

அந்த ஸ்லைடைப் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் வைக்கக்கூட இல்லை. ஓரத்தில் காகிதம் ஒட்டியிருக்கவில்லை. எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது? எனக்கு வாயில் பதில் இருந்தது. “உன் வாய் எத்தனை நாளைக்கு இருக்கும்?” என்று கேட்டுவிட்டு ஸ்லைடைக் குப்பைக்கூடையில் போட்டார். அன்றைக்கு அழுதேன். இன்று வரை நான் எழுதிய எந்த ஸ்லைடிலும் இடமும் தேதியும் விடுபட்டதில்லை.

இனம் காண்பதில் முதல் கேள்வி எளிது. வட்டமா, நீளமா? வட்டமானவை நடுப்புள்ளியைச் சுற்றி அமைந்தவை. நீளமானவை நடுக்கோட்டின் இருபுறமும் இறகு போல அமைந்தவை. நீளமானவற்றில் பலவற்றுக்கு நடுக்கோட்டில் ஒரு மெல்லிய பிளவு உண்டு, ராஃபே என்பார்கள். அந்தப் பிளவு உள்ளவைதான் ஊர்ந்து நகரும். இரண்டு முகத்திலும் பிளவா, ஒரு முகத்தில் மட்டுமா, ஓரத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பேரினத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அதற்கு மேல்தான் கண் வலிக்கும் வேலை. நீளம், அகலம், நுனி கூரா மழுக்கா, பத்து மைக்ரானுக்குள் எத்தனை வரி. நிட்ஷியா பாலியா என்று சாக்கடை கலந்த தண்ணீரில் எங்கும் வரும் இனத்தில் பத்து மைக்ரானுக்குள் முப்பது வரிக்கு மேல் நெருங்கி நிற்கும். ஒளி மைக்ராஸ்கோப்பின் எல்லையிலேயே எண்ண வேண்டும். மூன்று பேர் எண்ணினால் மூன்று கணக்கு வரும், மூன்றையும் எழுதிவைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கலை டயட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது. சிமிழ் இரண்டாகப் பிரியும்போது மூடி ஒரு சேயிடமும் பெட்டி ஒரு சேயிடமும் போகும். பழைய பெட்டியைப் பெற்ற சேய் அதையே தனக்கு மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே அதைவிடச் சிறிய பெட்டியைக் கட்டும். ஆக ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிப் பேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போவார்கள். சிறுப்பதோடு நிற்பதில்லை, உருவமும் மாறும். நீளமாக இருந்தது முட்டையாகும், இடுப்பு ஒடுங்கியிருந்தது நிமிரும். அளவு ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் பாலினப் பெருக்கம் நடந்து, ஓடு களைந்த செல் ஆக்ஸோஸ்போராகப் பருத்து, மறுபடி முழு அளவில் புதுச் சிமிழ் பிறக்கும். தாத்தாவையும் பேரனையும் வெவ்வேறு ஊர்க்காரர்கள் பார்த்து வெவ்வேறு இனமென்று பெயர் வைத்த கதை டயட்டம் நூல்களில் ஏராளம்.

இந்த வாழ்க்கைச் சுற்றை நேரில் பார்க்க முயன்றவர்களில் நம்மவர்கள் உண்டு. 1944இல் ஐயங்காரும் சுப்பிரமணியனும் சைக்ளோடெல்லா மெனெகினியானாவின் குன்றல் பகுப்பையும் ஆக்ஸோஸ்போர் உருவாவதையும் விவரித்து இந்தியத் தாவரவியல் சங்க இதழில் எழுதினார்கள். ஐயங்காரின் அறுபதாண்டு நிறைவை ஒட்டிய 1946ஆம் ஆண்டு நினைவு மலரில் சுப்பிரமணியன் எழுதியது நாவிக்குலா ஹாலோஃபைலாவின் பாலினப் பெருக்கம் பற்றி. ஆசிரியருக்கு எடுத்த மலரில் வாழ்த்துப்பாவுக்குப் பதிலாகப் புதிய ஆய்வு! சைக்ளோடெல்லாவில் ஒரே செல்லுக்குள் இரு கருக்கள் கூடுவதாக அவர்கள் கொண்ட முடிவு பின்னால் நிற்கவில்லை. வட்ட டயட்டம்களில் நீந்தும் ஆண் அணுக்கள் உண்டென்று ஜெர்மனியில் ஃபான் ஸ்டோஷ் 1950களில் காட்டினார். 1968இல் அதே சைக்ளோடெல்லாவிலும் அவை கண்டுபிடிக்கப்பட்டன. துறை வரலாறு எழுதும்போது இதை விட்டுவிடச் சொல்லி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். விடமாட்டேன். கண்டதைப் படத்தோடும் அளவோடும் எழுதியிருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் எங்கே தவறு என்று சுட்ட முடிந்தது. அது அவர்களுக்குக் குறைவல்ல.

சுப்பிரமணியன் பிறகு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். 1947இல் தொடங்கிய அந்த நிலையம் 1949 முதல் பல ஆண்டுகள் நம் மண்டபம் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1955இல் ஆர்.வி. நாயரும் அவரும் சேர்ந்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஃபிராகிலேரியா ஓஷியானிகா என்ற டயட்டம் மேற்குக் கடலில் பெருகும்போது, மலையாளக் கரையில் மத்தி என்று சொல்லும் எண்ணெய்ச் சாளையின் வரத்தும் பெருகுகிறது, ஆகவே அந்த டயட்டம் மீன்வரத்துக்கு அறிகுறி என்றார்கள். கட்டுமரத்துப் பெரியவரிடம் நான் சொன்ன பதிலுக்கு ஆதாரம் அப்போதே அச்சில் இருந்தது. இனத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் மீன்வள நிலையத்தில் இருந்ததால் கிடைத்த பலன் அது. வெறுமனே ‘டயட்டம் மிகுதி’ என்று எழுதியிருந்தால் அறிகுறி எங்கே?

ஐயங்காருக்குப் பின் பாசியியலைத் துறையில் சுமந்தவர் டி.வி. தேசிகாச்சாரி. 1959இல் வந்த அவருடைய நீலப்பச்சைப் பாசி நூல் அறுநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள், உலகெங்கும் வேதம் போல வைத்திருக்கிறார்கள். வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றி ஐயங்கார் முடிக்காமல் விட்டுப்போன வால்வோகேல்ஸ் நூலை, அவர் 1963இல் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1981இல் முடித்து இருவர் பெயரிலும் வெளியிட்டார். குருவின் கடனை அப்படி அடைத்தவர்கள் அறிவியல் உலகில் குறைவு.

டயட்டம் பக்கம் அவருடைய பார்வை சீக்கிரமே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குப் போனது. டயட்டம் ஓட்டின் அமைப்பை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராயும் கட்டுரை வரிசையை 1952இலேயே தொடங்கிவிட்டார். சுதந்திரம் வந்து ஐந்தே ஆண்டு! ஒளி மைக்ராஸ்கோப்பில் புள்ளி என்று தெரிந்தது, அங்கே சல்லடை மூடிய அறையாகத் தெரிந்தது. இனப்பகுப்பின் இலக்கணமே மாறப்போகிறது என்பதை அவர் முன்கூட்டிக் கண்டார்.

அவருடைய டயட்டம் உழைப்பெல்லாம் சேர்ந்து வந்தது ‘அட்லஸ் ஆஃப் டயட்டம்ஸ்’. 1986 முதல் 1989 வரை ஆறு பகுதிகளாக மெட்ராஸ் சயன்ஸ் ஃபவுண்டேஷன் வெளியிட்டது. வங்கக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல், அடிக்கடல் வண்டல், புதைபடிவ மண் எனத் திரட்டியவை. படத்தட்டுகள் மட்டும் 809. அவர் மாணவ மாணவியர் பலர் பகுதிகளின் ஆசிரியர்களாகப் பெயர் பெற்றிருக்கிறார்கள். எங்கள் கல்லூரி நூலகத்துக்கு முதல் பகுதி வந்த அன்று மதிய உணவுக்குப் போகவில்லை. எழுத்து மிகக் கொஞ்சம், பக்கத்துக்குப் பக்கம் படம். சிலர் அதைக் குறையாகச் சொன்னார்கள், விளக்கம் போதாதென்றார்கள். என் கருத்து வேறு. விளக்கம் எழுதுகிறவனுடைய கண்ணோட்டம் அதில் ஏறிவிடும். புகைப்படம் நாளைக்கு வேறொருவன் வேறு பெயர் சொல்ல இடம் வைக்கும். நான் பார்த்தது இது, நீயும் பார் என்று சொல்லும் நூல் அது.

நன்னீர் பக்கம் இந்த அளவுக்கு நம் துறையில் வேலை நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடல் அருகில் இருந்ததால் கடலே எங்களை இழுத்துக்கொண்டது. நன்னீர் டயட்டத்தில் இந்தியாவின் பெரிய பெயர் மேற்கிந்தியாவில் உழைத்த எச்.பி. காந்தி. அவர் கோலாப்பூர்ப் பகுதியிலிருந்து எழுதிய கோம்போனீமா இனங்களை, 2012இல் கார்த்திக்கும் கோசியோலெக்கும் மறுபடி எடுத்து ஆராய்ந்து, பெயருக்கு ஆதாரமான மாதிரிகளை நிர்ணயித்தார்கள். நம் ஏரி, குளம், கசம், கேணி எல்லாம் இதே கவனத்துக்காகக் காத்திருக்கின்றன. வேடந்தாங்கலிலிருந்து வீராணம் வரை ஏரிக்கு ஏரி டயட்டம் வேறு. தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று இரசாயனச் சோதனை அன்றைய நிலையை மட்டும் சொல்லும். கல்லில் ஒட்டியிருக்கும் டயட்டக் கூட்டமோ கடந்த சில வாரங்களாகத் தண்ணீர் எப்படி இருந்ததென்று சொல்லும். நீரில் மூழ்கி இறந்தவரின் எலும்பு மஜ்ஜையில் டயட்டம் தேடும் தடய அறிவியல் கூடத்துக்கும், மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுக்குக் கீட்டோசெரஸ் வளர்த்துப் போடும் குஞ்சுப் பொரிப்பகத்துக்கும் கூடச் சரியான பெயர் வேண்டும்.

பெயர் என்று சொன்னேன். 1958 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய பாசி இனத்துக்குப் பெயர் செல்ல வேண்டுமானால் லத்தீன் விளக்கமும், படமும், பெயருக்கு ஆதாரமான மாதிரி எது என்ற குறிப்பும் வேண்டும் என்று பன்னாட்டு விதி வந்தது. லத்தீன் கட்டாயம் 2012இல் தளர்ந்து ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. மாதிரி கட்டாயம் தளரவில்லை, தளரவும் கூடாது. ஏனென்றால் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய சென்னைக் கட்டுரைகளில் ஆஸ்டீரியோனெல்லா ஜப்பானிகா என்று படிப்பதை இன்று ஆஸ்டீரியோனெல்லோப்சிஸ் கிளாசியாலிஸ் என்கிறோம். பிடல்ஃபியா சைனென்சிஸ் இடையில் ஓடான்டெல்லாவாகி இன்று ட்ரையரிஸ் ஆகிவிட்டது. 1990இல் ரவுண்ட், கிராஃபர்ட், மான் மூவரும் எழுதிய பெருநூலுக்குப் பின் புதுப் பேரினங்கள் வெள்ளமாக வந்தன. இப்போது மரபணு வரிசையும் சேர்ந்துகொண்டது.

ஸ்கெலிடோனீமா காஸ்டேட்டம் கதையைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். உலகக் கரைகளிலெல்லாம் உண்டென்று எல்லாரும் எழுதிய இனம், நானும் எழுதியிருக்கிறேன். 1866இல் கிரெவில் ஹாங்காங் மாதிரியை வைத்துப் பெயரிட்டது. 2005இல் இத்தாலிய ஆய்வாளர் சிங்கோனேயும் உடனுழைத்தோரும் கிரெவிலின் அதே மூல மாதிரியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். உண்மையான காஸ்டேட்டம் எது என்று அப்போதுதான் தெளிவாயிற்று. அதே மாதிரிக்குள் பெயரில்லாத இன்னோர் இனமும் இருந்தது, அதற்குக் கிரெவிலின் பெயரையே சூட்டினார்கள். உலகம் ஒன்று என்று நினைத்தது பலவாகப் பிரிந்தது. 139 வருஷம் யாரோ அந்த மாதிரியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் முடிந்தது.

நம் கடலில் எடுத்த ஸ்கெலிடோனீமா எது? சுப்பிரமணியன் காலத்து ஸ்லைடும், தேசிகாச்சாரி காலத்து ஸ்லைடும், எங்கள் காலத்து ஸ்லைடும் இருந்தால் பதில் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன் மாவட்டக் கல்லூரி ஒன்றில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய ஸ்லைடு பெட்டிகளைப் பழைய கண்ணாடிச் சாமான்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது காலிப் பெட்டி ஒன்றுதான் கிடைத்தது. உள்ளே இடம், தேதி எழுதிய காகிதத் துண்டுகள் உதிர்ந்து கிடந்தன. நாற்பது வருஷச் சேகரிப்பு.

ஆகவே துறையின் பழைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பரணில், பீரோவின் அடித்தட்டில், மரப்பெட்டியில் ஸ்லைடுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். கேமரா லூசிடா படங்கள், சேகரிப்பு நோட்டுகள், அமிலத்தில் சுத்தம் செய்து குப்பியில் வைத்த வெள்ளைத் தூள், எதுவானாலும் சரி. கூடவே இடமும் தேதியும் நினைவிருந்தால் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கட்டிவிடுங்கள். கிண்டி வளாகத்தில் துறையில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த 312 ஸ்லைடுகளைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருக்கிறேன். விழாவன்று காலையிலேயே கொண்டுவருகிறேன்.